என் பங்கு நாற்பத்தைந்து

பேர்லேண்ட்
30 செப்டம்பர் 2006, சனிக்கிழமை

ஆமாம், தெரிந்தேதான் சொன்னேன். யாரும் மிரட்டவில்லை. கேள்வி புரியாமலும் இல்லை. வியாழக்கிழமை போனில் ஏம்மா சொன்ன, ஏம்மா சொன்ன என்று நாலு தரம் கேட்டாய், ஐந்தாவது தரம் கேட்காமலே வைத்துவிட்டாய். எனக்குப் போனில் வாய் வரவில்லை. அதனால் இந்தக் காகிதம்.

அன்புள்ள சபரிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, உன் தோள்வலி குறைந்திருக்கும், கம்பெனி பஸ்ஸில் தூங்குவதை விட்டுக் கட்டிலில் தூங்குகிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். அங்கே எல் கமீனோ ரோட்டு ஹோட்டல்களில் தினமும் சாப்பிடாதே, வாரத்துக்கு இரண்டு நாள் போதும், நான் அனுப்பிய பருப்புப் பொடி அலமாரியில் அப்படியே இருக்கும் என்று எனக்குத் தெரியும். நாகலக்ஷ்மி ஆன்ட்டி உனக்கு ஒரு ஜாதகம் வைத்திருக்கிறாராம், இந்தக் கேஸ் முடியட்டும் என்று சொல்லி வைத்திருந்தேன், இப்போது முடிந்துவிட்டது, வேறு சாக்குத் தேட வேண்டும்.

முதலிலிருந்தே எழுதுகிறேன். நீ கிரகப்பிரவேசத்துக்கு வரவில்லை, கேஸையும் துண்டு துண்டாகத்தான் கேட்டாய். போன வருடம் தை மாதம், விடியும் முன் ஹோமம், ஏழு மணிக்கு அப்பா வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைத்தார். ஹில்கிராஃப்ட் கடையில் வாங்கிய வெள்ளைப் பூசணி, உள்ளே குங்குமம். நம் டிரைவ்வேயை நடைபாதை குறுக்கே வெட்டுகிற இடம். பிறகு அப்பாவே குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தார், எல்லாம் போய்விட்டது என்று உள்ளே வந்தார். எல்லாம் போகவில்லை. சாயங்காலம் விருந்தாளிகளை வழியனுப்பப் போனபோது தபால் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு கிடந்தது, உள்ளங்கை அகலம், சதைப்பக்கம் மேலே. பார்த்தேன். குனிந்தேன். நாகலக்ஷ்மி ஆன்ட்டி என் கையைப் பிடித்து, அடியே, தொட்டுறாத, கண்ணு கழிச்சத வூட்டுக்காரங்க தொடப்படாது, அது அதும்பாட்டுக்குப் போயிரும் என்றார். கார் ஏறிப் போய்விட்டார். நானும் உள்ளே போய்விட்டேன். ஈரோட்டில் அது அதன்பாட்டுக்குப் போகும், காலையில் கூட்டுகிறவர் வருவார். இங்கே தெருவைக் கூட்ட ஒருவரும் வருவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆறு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன்.

மறுநாள் விடியுமுன் அதை மிதித்தவர் லோரேன் பிக்கெட். இரண்டு வீடு தள்ளி இருப்பவர், ஸ்கூல் பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர், அறுபத்தெட்டு வயது, தினமும் இருட்டிலேயே நாயோடு நடப்பார். இடுப்பெலும்பு உடைந்தது. நான் ரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன், சாப்பிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஐந்து மாதம் கழித்து அப்பா கதவைத் திறந்தார், ஒருவன் பெயரைக் கேட்டுவிட்டுக் கையில் ஒரு கட்டுக் காகிதத்தைத் திணித்துவிட்டுப் போனான். வழக்கு. அப்பா பெயர், என் பெயர், இரண்டும் தனித்தனி வரியில்.

இனி நான் எழுதப் போவது உனக்கு அசட்டுத்தனமாகப் படலாம். வீட்டு இன்சூரன்ஸ்காரர்கள் கொடுத்த வக்கீல், கெல்லர் என்ற பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், எங்கள் சார்பில் கோர்ட்டுக்குக் கொடுத்த முதல் பதிலில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். பிரதிவாதிகள் எல்லாவற்றையும் மறுக்கிறார்கள். எல்லாவற்றையுமா, பூசணிக்காய் உடைத்ததையுமா என்று கேட்டேன். இது பொய் இல்லை, டெக்சாஸ் சட்டத்தில் இப்படித்தான் பதில் சொல்வது, நீ சொல்வதை நீ நிரூபி என்பதுதான் இதற்கு அர்த்தம் என்றார். வரிசையாகச் சொன்னார். அந்தத் துண்டு உங்களுடையது என்று பிக்கெட் நிரூபிக்க வேண்டும். நடைபாதை உங்கள் சொத்து இல்லை, ஆனால் அதில் ஆபத்தை உண்டாக்கியது நீங்கள் என்று நிரூபிக்க வேண்டும். அது கிடப்பது உங்களுக்குத் தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் சும்மா இருந்தீர்கள். அதனால்தான் விழுந்தார். ஒன்று விட்டாலும் கேஸ் நிற்காது. கொலைக் கேஸ் மாதிரி சந்தேகமே இல்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, தராசு அவர் பக்கம் ஒரு இறகளவு சாய்ந்தால் போதும். ஆனால் தப்பில் பாதிக்கு மேல் அவருடையதே என்று ஜூரி சொல்லிவிட்டால் அவருக்கு ஒன்றும் கிடையாது. இருட்டு, நாய், காலைப் பார்க்காமல் நடந்தது. நம் தரப்பு வாதம் அதுதான்.

அன்று காரில் திரும்பும்போது இதையேதான் யோசித்தேன், சபரி. நான் வளர்ந்த தெருவில் ஒருத்தியைப் பற்றி ஒருவர் வாய் திறந்தால் போதும், இல்லை என்று நிரூபிப்பது அவள் பாடு. இங்கே நான் சும்மா உட்கார்ந்திருக்கலாம். சொன்னவர்தான் ஒவ்வொரு செங்கல்லாகக் கொண்டுவந்து அடுக்க வேண்டும், அதுவும் வாக்கர் பிடித்துக்கொண்டு. எவ்வளவு பெரிய பாதுகாப்பு. எவ்வளவு பெரிய இரக்கமின்மையும்.

அப்பாவைத்தான் முன்கூட்டியே வக்கீல் ஆபீஸில் வைத்து விசாரித்தார்கள், உடைத்தவர் அவர் என்பதால். அவர் தண்ணீர் அடித்ததைச் சொன்னார், துண்டு கிடந்தது தெரியாது என்றார். அது உண்மை. அவருக்குத் தெரியாது. நான் சொன்னதே இல்லை. கோர்ட்டுக்கு முந்தின நாள்தான் கெல்லரிடம் சொன்னேன், நான் பார்த்தேன் என்று. அவர் பேனாவைக் கீழே வைத்தார். அவர்கள் கேட்டால் நீங்கள் உண்மையைத்தான் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் நான் கேட்கப் போவதில்லை என்றார். அன்று ராத்திரி நீ போன் செய்தாய், உன்னிடமும் சொன்னேன், ஞாபகம் இல்லைன்னு சொல்லும்மா, யாரும் ப்ரூவ் பண்ண முடியாது என்றாய். நீ சொன்னது சரி. யாராலும் முடியாது. நாகலக்ஷ்மி ஆன்ட்டியையும் என்னையும் தவிர அதைப் பார்த்தவர் கிடையாது.

செவ்வாய்க்கிழமை 288 ஹைவேயில் ஆங்கிள்டன் கோர்ட்டுக்குப் போனோம். வழியெல்லாம் மாடுகள். கோர்ட் அறை நான் நினைத்ததைவிடச் சின்னது, உன் பழைய ஹைஸ்கூல் வகுப்பறை அளவுதான். ஜூரி ஆறு பேர். ஒருவர் டயர் கடைக்காரர், ஒரு பெண் முழு நேரமும் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவர்கள் உள்ளே வரும்போதெல்லாம் நாங்கள் எழுந்து நின்றோம். வக்கீல்கள், அப்பா, நான், வாக்கரை ஊன்றிக்கொண்டு பிக்கெட். ஒரு டயர் கடைக்காரருக்காக எல்லோரும். யாரும் சிரிக்கவில்லை. பிறகு பிக்கெட்டின் வக்கீல் ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே இடது கால் ஷூ. அடிப்பாகத்தில் சிவப்பு. நம் குங்குமம், சபரி. இருபது மாதமாக அந்த அம்மாள் அதைக் கழுவாமல் வைத்திருந்திருக்கிறார். நிரூபிப்பது என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு ஷூவைக் கழுவாமல் இருப்பது.

என்னைக் கூப்பிட்டார்கள். வலது கையைத் தூக்கினேன். பிக்கெட்டின் வக்கீல் வயதானவர், மெல்லப் பேசினார், சமையல், விருந்தாளிகள், எத்தனை மணி என்று சும்மாக் கேள்விகள். பதில் சொன்னேன். நன்றி என்று சொல்லித் திரும்பி நடந்தார். நாற்காலியில் கையும் வைத்துவிட்டார். அப்புறம் நின்று, இன்னும் ஒன்றே ஒன்று, என் கட்சிக்காரர் விழுவதற்கு முன்னால் அந்தத் துண்டை நீங்கள் பார்த்தீர்களா என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. சும்மாக் கேட்டார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தட்டச்சு செய்கிற பெண்ணின் விரல்கள் நின்றன. டயர் கடைக்காரர் என்னைப் பார்த்தார். என் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லுக்காக ஒரு அறை முழுக்கக் காத்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். வீட்டிலோ, காலேஜிலோ, உன் அப்பா முன்னாலோ நடந்ததில்லை. பார்த்தேன் என்றேன்.

ஏன் எடுக்கவில்லை என்றார். சொன்னேன். அந்தக் காயில் எங்கள் வீட்டுக்கு வந்த கெட்டதை எல்லாம் சுற்றி இறக்குகிறோம், அதனால் நாங்கள் தொடக்கூடாது, தொட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். அவர் தலையைச் சாய்த்து, வேறு யாராவது மிதித்தால் என்றார். அவர்களுக்குப் போகும் என்றேன். அப்படியென்றால் யாராவது மிதிக்கலாம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது, இல்லையா அம்மா என்றார். நான் நாற்பத்தொன்பது வருடமாகக் கழித்துப் போட்டதைத் தாண்டாமல் மிதிக்காமல் ஒதுங்கி நடந்திருக்கிறேன், எதற்காக ஒதுங்குகிறேன் என்று ஒரு நாளும் அந்தப் பக்கத்திலிருந்து யோசித்ததில்லை. தெரிந்திருந்தது என்றேன். கெல்லர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூரிக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள், அதில் தப்பை நூறாகப் பிரித்து எழுத வேண்டும். நூறாக. மறுநாள் மத்தியானம் நீதிபதி வாசித்தார். லோரேன் பிக்கெட், முப்பத்தைந்து. சேனாபதி, இருபது. புஷ்பவல்லி, நாற்பத்தைந்து. உடைத்தவருக்கு இருபது, பார்த்துவிட்டுப் போனவளுக்கு நாற்பத்தைந்து. கல்யாணமான பிறகு நல்லதோ கெட்டதோ எல்லாம் எங்கள் இருவருக்கும் பொதுவாகத்தான் எழுதப்பட்டது. முதல் தரமாக என் பெயருக்கு நேரே எனக்கென்று ஒரு எண். ஆறு பேர், என்னை முன்பின் தெரியாதவர்கள், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து என் மனசில் ஒரு சாயங்காலம் நடந்ததை அளந்திருக்கிறார்கள். அதிகமும் இல்லை. குறைவும் இல்லை. நானே அளந்திருந்தாலும் அதற்குப் பக்கத்தில்தான் வந்திருப்பேன். எனக்கு அவமானம் வரவில்லை. கோயிலில் திரை விலகும்போது வருமே, அதுதான் வந்தது. இதை அப்பாவிடம் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

வராந்தாவில் பிக்கெட் வாக்கரைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார். கேஸ் நடந்தவரை பேசக்கூடாது என்று சொல்லி வைத்திருந்ததால் ஒரு வருடத்துக்கு மேல் கையசைப்பதோடு சரி. அப்போ உங்க வீட்டுக் கெட்டதெல்லாம் என் இடுப்புக்குள்ளயா இருக்கு, டாக்டர் டைட்டானியம்னு இல்ல சொன்னாரு என்றார். எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர், முப்பத்தஞ்சு எனக்கும் இருக்கு ஹனி, அந்த நாயைப் பார்த்துட்டேதான் நடந்தேன் என்றார்.

அப்பா வண்டியை ஆங்கிள்டன் தாண்டி, பெரிய பாலம் தாண்டி, பேர்லேண்ட் எக்ஸிட் வரை ஓட்டினார். அப்புறம், ரெண்டு பேருமா சேந்து கழிச்ச கண்ண நீ ஒருத்தியா திருப்பி வாங்கிட்டு வந்துட்டயே புள்ள என்றார். கோபம்தான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவரே காபி போட்டார், எனக்கும் சேர்த்து. நேற்று இரண்டு தரம், என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல என்றார். அது நியாயம். அந்தக் கணக்கை எந்த ஜூரி பார்ப்பது.

ஆக, ஏன் சொன்னேன் என்று கேட்டாய். கேட்டார்கள், சொன்னேன். வேறு பெரிய காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. ஞாபகம் இல்லை என்று சொல்லியிருந்தால் நாம் ஜெயித்திருக்கலாம், நீ சொன்னது மாதிரி. அந்த ஷூ மட்டும் ஏதோ ஒரு அட்டைப்பெட்டிக்குள் இருந்துகொண்டே இருக்கும். உன் கோபம் ஆறும்வரை நான் போன் செய்ய மாட்டேன், ஆறியதும் நீயே செய். அபார்ட்மெண்ட் லீஸில் கையெழுத்துப் போடுமுன் எல்லாப் பக்கமும் படி. உன் படிக்கட்டு விளக்கு எரியவில்லை என்றாயே, மேனேஜருக்கு எழுத்தில் கொடு, ஒரு பிரதி வைத்துக்கொள். நாளை ஆயுத பூஜை, உன் லேப்டாப்புக்கு ஒரு பொட்டாவது வை. நல்ல தூக்கமும், நல்ல சிநேகிதர்களும், தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லும் தைரியமும் உனக்கு எப்போதும் இருக்கட்டும்.

அன்புடன்
அம்மா
புஷ்பவல்லி

பி.கு. திங்கள் காலை. நேற்றுப் பேனா பூஜையில் இருந்ததால் எழுதவில்லை. இரண்டு காருக்கும் சேர்த்து அப்பா ஒரே பூசணிக்காயாக உடைத்தார். நான் பொறுக்கக் குனிந்ததும் கதவுக்குள் நின்று வேண்டாம் புள்ள, வேண்டாம் புள்ள என்றார். நான் துண்டுகளைக் கையால் பொறுக்கிப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு பிக்கெட் வீட்டு வாசல் வரை நடைபாதையைப் பார்த்துவிட்டு வந்தேன்.