வாயை மட்டும் அசைத்தவளுக்கு

இன்று காலை உன் மனிசன் வந்து, உன்னுடைய பாடகர்குழுச் சேலையை என் கையில் தந்துவிட்டுப் போனார். "ஆரும் புதுசாய்ச் சேந்தாக் குடுங்கோ ரீச்சர். வீட்டிலை கிடந்து என்ன செய்யப்போகுது?" என்றார். பையைத் திறந்ததும் உன் பவுடர் மணம் குப்பென்று வந்தது. பக்கத்தில் நிற்பவருக்குத் தும்மல் வருகிற அந்தப் பவுடர். "உது என்ன மணமடி, கொஞ்சம் நல்லதாய்ப் பாத்து வாங்கக்கூடாதோ?" என்று எத்தனை தரம் உன்னை ஏசியிருப்பேன். உன் பவுடரைத் திருத்த வெளிக்கிட்டேன், சமையலைத் திருத்த வெளிக்கிட்டேன், கடைசியில் உன் குரலில் கை வைத்தேன். அதில் மட்டும்தான் எனக்கு வெற்றி.

நாங்கள் இருவரும் குருநகரில் ஒரே ஒழுங்கையில் பிறந்து, ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நான் நாலு வருடம் சங்கீதம் படித்துப் பள்ளிக்கூட ரீச்சரானேன். நீ கடலுக்குப் போகிறவரைக் கட்டி, ஒரு மகளைப் பெற்று, அதே ஒழுங்கையில் இருந்துவிட்டாய். நான் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாடகர்குழுவைப் பொறுப்பெடுத்தபோது நீ ஏற்கெனவே முன்வரிசையில் நின்றாய். எல்லாரையும்விடப் பெரிய குரல். மேல் சுரத்துக்குக் கீழிருந்து இழுத்துக்கொண்டு ஏறுவாய், ஒருநாளும் போய்ச் சேரமாட்டாய், ஒரு நூல் கீழேயே நின்றுவிடுவாய். நாங்கள் எல்லாரும் வரியை முடித்த பிறகும் உன் குரல் இன்னும் ஒரு மூச்சு தனியே போய்த்தான் நிற்கும். எனக்குப் பல்லுக் கூசும்.

ரசனையைத் திருத்தலாம் என்று நான் நம்பினேன். அப்படி நம்பாவிட்டால் பிறகென்ன சங்கீத ரீச்சர்! நீயோ மினிபஸ்ஸில் போடுகிற பாட்டுக்கெல்லாம் கண் கலங்குவாய். செத்தவீட்டு பாண்ட் வாத்தியம் ஒழுங்கையால் போனால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாய். நான் நல்ல கச்சேரிகளாய்த் தேடிப் பதிந்து தந்தேன். ஒரு கிழமை கேட்டுவிட்டு வந்து சொன்னாய்: "நல்ல ஒழுக்கமான பிள்ளை மாதிரி இருக்கு ரீச்சர். எனக்குத்தான் உதோடை கதைக்க ஒண்டும் இல்லை." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீ என்னை "ரீச்சர்" என்று கூப்பிடுவதே நக்கலுக்குத்தான்.

பெரிய சண்டை உன் குசினியில்தான் நடந்தது. அகப்பையால் மீன் குழம்பை அள்ளிக் காட்டி, "எடி, உனக்கு இது உறைப்பு. எனக்கு இதுதான் ருசி. அப்ப என்ரை நாக்குப் பிழையோ?" என்று கேட்டாய். "நாக்கையும் பழக்கலாம்" என்றேன். "பழக்கினாப்பிறகு, முந்தி ருசிச்சதெல்லாம் எங்கை போகும்?" என்றாய். நான் சிரித்துச் சமாளித்தேன்.

பிறகு அந்தத் திருநாள். எங்கள் பாட்டுகளைப் பதிவு செய்து வெளியிடுவோம் என்று பங்குச் சுவாமி சொன்னார். ஒலிப்பதிவுக்கு வந்தவர் இரண்டு தரம் கேட்டுவிட்டு, "ஒரு குரல் மட்டும் வெளியிலை நிக்குது" என்றார். ஆருடையது என்று அவர் சொல்லவில்லை. முப்பது பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். நீதான், "என்ரையோ?" என்று கேட்டாய். உன்னை ஒரு பக்கமாய்க் கூட்டிப்போய், "இண்டைக்கு மட்டும் வாயை அசை, சத்தம் வேண்டாம்" என்றேன். "அதுக்கென்ன, ஆண்டவருக்கு வாயசைவும் விளங்கும்தானே" என்று சிரித்தாய். போகும்போது சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாய். அன்றைக்கு நல்ல வெக்கை. வெக்கைக்குத்தான் துடைக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கு மட்டும் என்றுதான் சொன்னேன். இதை எத்தனை தரம் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஆனால் அடுத்த ஞாயிறும் நீ பாடவில்லை. முதல் பாட்டின் இரண்டாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு சுத்தமாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி, மூச்செடுக்கவேண்டிய இடத்தில் மூச்செடுத்து, வாயை வடிவாய் அசைத்துக்கொண்டு நின்றாய். பூசை முடிந்ததும் உன் கையைப் பிடித்து, "விசரி, பாடடி" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. ஏன் தெரியுமோ? கேட்க நன்றாயிருந்தது.

அதற்குப் பிறகு பதினொரு வருடம். ஒரு ஒத்திகைக்கும் நீ பிந்தி வந்ததில்லை. ஒவ்வொரு திருநாளுக்கும் பதிவு செய்தோம். வெளியூர்ப் பங்குகளிலிருந்தெல்லாம் வந்து கேட்டார்கள், பழக்கினால் இப்படிப் பழக்கவேண்டும் என்று புகழ்ந்தார்கள். நான் அதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டேன். நீ வரிசையில் நின்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய். கோபம் இல்லையென்று நினைத்தேன். கோபம் இருந்ததோ இல்லையோ, இனி ஆரிடம் கேட்பது?

நெஞ்சுநோ என்று உன்னை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் பெட்டியில் கொண்டுவந்தார்கள். உன் பெட்டிக்கு முன்னால் நின்று நாங்கள் பாடினோம். உண்மையைச் சொல்லுகிறேன், அப்போதும் நான் சுருதிதான் பார்த்தேன். இடதுபக்க வரிசை கொஞ்சம் இறங்குகிறது என்று கையால் சைகை காட்டினேன். என்ன பிறப்பு நான்!

போன கிழமை உன் மகள் போன் எடுத்தாள். விசா சரிவராமல் செத்தவீட்டுக்கு வரமுடியாமற்போன பிள்ளை, அங்கே கனடாவில் இருந்து போனில் பார்த்து அழுததோடு சரி. "அன்ரி, வாற மாசம் மகளுக்கு ஞானஸ்நானம். அம்மம்மா பாடினது எண்டு போட்டுக் காட்டவேணும். அம்மா கதைச்சதெல்லாம் போனிலை கிடக்கு. சாப்பிட்டியோ, பனி கொட்டுதோ எண்டு. பாடினது ஒண்டும் இல்லை. உங்களிட்டை இருக்கும்தானே?" என்றாள். ஒன்றிலும் நீ இல்லையென்று தெரிந்தும் பதினொரு வருடப் பாட்டுகளையும் அனுப்பினேன். வேறென்ன செய்வேன்?

இரண்டு நாள் கழித்து மறுபடியும் எடுத்தாள். "எல்லாம் கேட்டன் அன்ரி. நல்ல வடிவாய் இருக்கு. ஆனா இதிலை அம்மா இல்லை."

"முப்பது பேர் பாடினது பிள்ளை, கலந்து போயிருக்கும்" என்றேன்.

"அம்மான்ரை குரல் கலக்காது அன்ரி."

"அம்மாவுக்கு அண்டைக்குத் தொண்டை சரியில்லை."

"பதினொரு வருசமுமோ?"

அதன் பிறகு பொய் சொல்ல என்னால் முடியவில்லை. அந்த முதல் ஒலிப்பதிவு நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். குழந்தை பின்னால் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "அப்ப நீங்கள் பாடிக் காட்டுங்கோ அன்ரி. அம்மா எங்கை எங்கை பிழைவிட்டவ எண்டு உங்களுக்குத்தானே வடிவாய்த் தெரியும்."

எனக்குத் தெரியும்தான். இந்த உலகத்தில் என்னைத் தவிர வேறு ஆருக்கும் அவ்வளவு துல்லியமாய்த் தெரியாது. எந்த வரியில் இழுப்பாய், எந்தச் சுரத்துக்குக் கீழே நிற்பாய், எந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டு தனியே போவாய், எல்லாம் எனக்கு மனப்பாடம். போனைக் கையில் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்று தொடங்கினேன். கீழிருந்து இழுத்தேன். அந்த ஒரு நூல் கீழே நிறுத்தவேண்டும், அவ்வளவுதான். நிறுத்த முடியவில்லை. குரல் தானாகவே மேலே போய்ச் சரியான இடத்தில் உட்கார்ந்தது. மறுபடியும் தொடங்கினேன், மறுபடியும் அப்படியே.

"இது நீங்கள் அன்ரி" என்றாள் உன் மகள். குரலில் கோபம்கூட இல்லை. "பரவாயில்லை, பிள்ளை அழுறா, பேந்து எடுக்கிறன்." இன்னும் எடுக்கவில்லை.

நீ பாடியது நன்றாகத்தான் இருந்தது, நான்தான் பிழையாய்க் கேட்டேன் என்று எழுதிவிட்டால் எனக்கு ஆறுதலாய் இருக்கும். அதையும் எழுத முடியவில்லையடி. நினைத்துப் பார்க்கும்போதுகூட என் காது, நீ சுருதி பிசகித்தான் பாடினாய் என்கிறது. அது சொல்வது சரி. சரியென்று தெரிந்துகொண்டே, அந்தப் பிசகிய குரலை ஒரே ஒருக்கால் கேட்கக் கிடைத்தால் என்னிடம் உள்ள எல்லாவற்றையும் கொடுப்பேன். வருடக்கணக்காய்ப் பழக்கிய இந்தக் காதையும் இந்தத் தொண்டையையும் கழற்றி வைக்க ஒரு வழியும் தெரியாமல் கொண்டு திரிகிறேன். அன்றிலிருந்து தினமும், வீட்டில் ஆரும் இல்லாத நேரம் பார்த்து, உன்னைப் போலப் பாடப் பார்க்கிறேன்.

இதை எழுதத் தொடங்குவதற்கு முன்னும் பாடிப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது.