கைகாட்டி இறங்கியிருக்கு

1979 ஜனவரி 9, பதுளை

இன்றும் அவன்தான் முதலில் சொன்னான். ஹாலிஎலை வளைவில் வண்டி முழுசாகத் திரும்பக்கூட இல்லை, அதற்குள் "கைகாட்டி இறங்கியிருக்குண்ணே!" என்று ஒரு சத்தம். நான் என்ன செவிடா? எஞ்சினுக்குள்ளே இருக்கிற எனக்குச் சொல்கிறானா, பதுளைக் கடைத்தெருவுக்குச் சொல்கிறானா?

ரயில் எஞ்சினில் இது பழைய வழக்கம்தான். கைகாட்டி கண்ணில் பட்டதும் ஒருவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவன் தானும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். கை நீட்டி நின்றால் நிறுத்து, இறங்கியிருந்தால் போ. யார் முதலில் சொல்வது என்று சட்டமில்லை. ஆனால் நான் டிரைவர், புவாத் உதவி டிரைவர். ஆறு வருஷமாக நான் சொல்வேன், அவன் திருப்பிச் சொல்வான். இந்த முந்திக்கொள்ளும் பழக்கமெல்லாம் டிசம்பர் நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகுதான்.

ஏன்? எனக்குத் தெரியாதா, ஏனென்று?

ஜனவரி 14

ஐம்பத்தைந்தில் என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். வருஷா வருஷம் நீடிப்பு வாங்கி இப்போது ஐம்பத்தெட்டு. மார்ச்சில் அடுத்த நீடிப்பு, அதற்கு முன்னால் கண் பரிசோதனை. புவாத் டிரைவர் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறான். பதுளையில் வேறு இடம் காலியில்லை. நான் இறங்கினால்தான் அவன் ஏறலாம். பிறகு என் கண்ணை அவன் ஏன் அளக்க மாட்டான்?

இறங்கினால் நான் எங்கே போவது? குவாட்டர்ஸை விட வேண்டும். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் லயத்து வரிசை அறையொன்றில் பிறந்தவன் நான். அங்கிருந்து இந்த ஓட்டு வீட்டுக்கு வர என்ன பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். தம்பி குடும்பம், தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்புகிற ஒப்பந்தத்தில் இந்தியா போய்விட்டது. மிச்சம் இருப்பது அக்கா இருதயம்மாவின் லயக் காம்பரா, அதுவும் ஒன்றே ஒன்று. எஞ்சின் டிரைவர் இராயப்பன் திரும்பி அங்கே போய்ப் பாய் விரிப்பதா? முடியவே முடியாது.

ஜனவரி 22

என் வீட்டுக்காரி மதலேனா குழாயடியில் ஜெனீராவோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். ஜெனீரா புவாத்தின் பெண்டாட்டி. என்னைக் கண்டதும் இரண்டு பேர் வாயும் மூடிக்கொண்டது.

"என்ன பேசுனீங்க?"

"வட்டிலப்பத்துக்கு எத்தன முட்டைன்னு கேட்டேன்."

குடம் நிரம்பி வழிகிற வரைக்கும் முட்டையா எண்ணினார்கள்?

மத்தியானம் சோறு போடும்போது, "கல்லு கெடக்கும், மெதுவா மெல்லுங்க" என்றாள். அரிசி பொறுக்கியது நான்தான். என் வீட்டுக்குள்ளேயே ஆள் வைத்துவிட்டானோ!

பெப்ரவரி 3

அப்புத்தளையில் மூடுபனி. அங்கே எல்லோரும் குருடர்தான். புவாத்தும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்தான். இந்த வருஷத்தில் இன்றைக்குத்தான் நிம்மதியாக வண்டி ஓட்டினேன்.

பெப்ரவரி 8

ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாதையில் எந்தக் கைகாட்டி எங்கே இருக்கிறது, எந்த வேளையில் இறங்கியிருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஹாலிஎலைக்கு முன்னால் ஒற்றைச் சவுக்கு மரம் தாண்டினதும், "இறங்கியிருக்கு!" அவன் கொஞ்சம் பொறுத்துத்தான் திருப்பிச் சொல்கிறான்.

"இங்கேருந்தே தெரியுதாண்ணே?" என்று கேட்டான்.

"ஏன், ஒனக்குத் தெரியலையா?"

மூஞ்சி செத்துப் போச்சு. நன்றாக வேண்டும்.

பெப்ரவரி 19

இன்று நடந்ததை யாரிடமும் சொல்ல முடியாது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

நல்ல பகல். பதுளைக்கு இறங்கி வருகிறோம். சவுக்கு மரம் தாண்டினதும், "இறங்கியிருக்கு" என்றேன். அவன் திருப்பிச் சொல்லவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். "இல்லண்ணே, நிக்குது! கை நிக்குதுண்ணே!" என்று கத்திக்கொண்டே என்மேல் விழுந்து, என் கைக்கு மேலே தன் கையை வைத்து பிரேக்கை இழுத்தான்.

வண்டி நின்றபோது முன்னால் தண்டவாளத்தில் டிராலி. மண் சரிவில் உருண்டு வந்த பாறையை, பாதை பழுது பார்க்கும் கேங் ஆட்கள் கடப்பாரை போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மாடசாமி ஓடக்கூட மறந்து நின்றான். அவன் முகம் எனக்கே தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவு கிட்டத்தில்.

என் பிரேக்குல கை வைக்க இவன் யாரு? இத்தனை வருஷத்துல எவனாச்சும் என் கைப்பிடியத் தொட்டிருக்கானா? வெயில் கண்ணுல அடிச்சுது. அவ்வளவுதான். வெயில்.

புவாத்திடமும் அதைத்தான் சொன்னேன். வெயில் எங்கள் முதுகுப் பக்கம் இருந்தது. அவன் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

பெப்ரவரி 20

எங்கள் மேலாள் போர்மன் விசாரணைக்குக் கூப்பிடவில்லை.

பெப்ரவரி 23

இன்னும் கூப்பிடவில்லை. புவாத் ஏன் போட்டுக் கொடுக்கவில்லை? மனதில் பூட்டி வைத்திருக்கிறான். பரிசோதனை நெருங்கட்டும், அப்போது அவிழ்க்கலாம் என்று.

மத்தியானம் பார்த்தேன். போர்மன் வீரசிங்கத்தின் அறையில் புவாத், கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்தவன் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

சொல்லிட்டான். எல்லாம் முடிஞ்சுது.

மார்ச் 2

கண் பரிசோதனை. பாஸ்.

சுவரில் எத்தனையோ வருஷமாக அதே எழுத்துப் பலகைதான். ஓய்வு பெறுகிற டிரைவர் அடுத்த கிழவனுக்கு அதை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவது எங்கள் ஆட்களின் வழக்கம். வெளியாள் யாருக்கும் தெரியாது. எனக்கு மேல் வரி மட்டும் தெரிந்தது. மற்றதையெல்லாம் செபமாலை சொல்வது போல ஒப்பித்தேன். "இந்த வயசில் இப்படிக் கண்ணா!" என்றார் டாக்டர்.

வெளியே வந்து வாய்விட்டுச் சிரிக்கலாம் என்று பார்த்தேன், சிரிப்பு வரவில்லை.

மார்ச் 5

வீரசிங்கம் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், சுற்றி வளைத்துப் பேச மாட்டார்.

"புவாத் உம்மட வண்டி வேண்டாமெண்டு யார்டிலை பெட்டி தள்ளுற ஷண்டிங் வேலை கேட்டு எழுதித் தந்திட்டான். படிக்காசும் குறையும். ஏனெண்டு கேட்டா வாய் திறக்கிறானில்லை. உம்மோட ஏதும் சண்டையோ?"

அந்தக் கதவுக்குப் பின்னால் நடந்தது இதுதானா?

நேரே போய் அவனைப் பிடித்தேன். "என்னடா நாடகம் இது?"

"ஒங்களப் பத்தி யார்ட்டயும் ஒரு வார்த்த சொல்ல மாட்டேண்ணே. சொன்னா எடத்துக்கு ஆசப்பட்டுச் சொன்னான்னுதான் பேசுவாங்க. நீங்களே அப்படித்தான் நெனப்பீங்க. ஆனா ஒங்ககூட இனி ஏற மாட்டேன். எனக்குப் புள்ளைங்க இருக்கு."

நன்றாகத்தான் நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நடிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 12

புது உதவியாளன் அழகர், பண்டாரவளைக்காரன். மரியாதை தெரிந்தவன். நான் "இறங்கியிருக்கு" என்றால் உடனே "இறங்கியிருக்குங்கய்யா" என்கிறான். முந்துவதில்லை, குறுக்குக் கேள்வி இல்லை. காதுக்கு இதமாக இருக்கிறது.

மார்ச் 20

இந்த அழகர் எப்போதுதான் பார்க்கிறான்? நான் சொல்லி முடிப்பதற்குள் அவனும் சொல்லி முடித்துவிடுகிறான். எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் சும்மா விடாது.

பண்டாரவளையில் வண்டி நின்றுகொண்டிருந்தது. கைகாட்டி எனக்கே தெரிகிற தூரத்தில், கையை நீட்டிக்கொண்டு நின்றது. வேண்டுமென்றே, "இறங்கியிருக்கு" என்றேன்.

"இறங்கியிருக்குங்கய்யா."

அவன் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவே இல்லை.

"மேல பாருடா!"

பார்த்தான். முகம் வெளுத்துப் போனது. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு... ஐயா இத்தன வருஷம் ஓட்டுனவங்க..."

பின்னால் பெட்டி நிறையச் சனம். மரக்கறி மூட்டைகள், கைப்பிள்ளைக்காரிகள், ஒருத்தி சன்னலில் பிள்ளைக்கு மலையைக் காட்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பதுளை வரைக்கும் ஊர்ந்துகொண்டே வந்தேன். ஒவ்வொரு கைகாட்டிக்கும் முன்னால் வண்டியை நிறுத்தி, அழகரை இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டவர்களிடம் எஞ்சினில் கோளாறு என்றேன்.

மார்ச் 21

சுகமில்லை என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகவில்லை.

ரெண்டு பேரு இருக்கிற எஞ்சின்ல பாக்குறதுக்கு ஒருத்தனும் இல்ல. இவ்வளவு நாளா பார்த்துக்கிட்டு வந்தது யாரு? பயமா இருக்கு. ஆண்டவரே, ரொம்பப் பயமா இருக்கு.

மதலேனாவிடம் சொன்னேன், எனக்குக் கண் சரியில்லை என்று.

"தெரியும்" என்றாள். "கொழாயடியில நாங்க அதத்தான் பேசுனோம். வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கேன்னு ஜெனீரா அழுதா. ரெண்டு பேரும் ஒரே எஞ்சின்லதானே போனீங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நம்புற ஆளா நீங்க? அவன் சொல்லிக் குடுத்தானான்னு கேப்பீங்க."

கேட்டிருப்பேன்.

மார்ச் 23

வீரசிங்கத்திடம் போனேன். நீடிப்பு வேண்டாம், இந்த மாதத்தோடு இறங்குகிறேன் என்றேன்.

"ஏன் காணும்? கண் பரிசோதனையும் பாஸ். மேலிடத்துக் கந்தோரும் சம்மதிச்சிட்டுது."

"அந்தப் பலகைய மாத்தச் சொல்லுங்க" என்றேன்.

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் பேனாவை மூடி வைத்தார். "வேற ஆரார்?" என்று கேட்டார். பெயர் எதுவும் சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லாவிட்டாலும் என்ன? பலகை மாறினால் தானாகத் தெரிந்துவிடும். இனி எங்கள் பெரிசுகள், அந்தப் பழைய டிரைவர்கள் யாரும் என் முகத்தில் முழிக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 2

பெரிசு ஒருவர் எதிரே வந்து, வழக்கம்போலத் தோஸ்திரம் என்று கும்பிடாமல் காறித் துப்பிவிட்டுப் போனார்.

புவாத் என் வண்டிக்கு டிரைவர் ஆகிவிட்டானாம். அழகர்தான் முதலில் சொல்ல வேண்டுமாம், பார்க்காமல் சொன்னால் இறக்கிவிட்டுப் போய்விடுவேன் என்றிருக்கிறானாம். அழகர் வந்து முறைப்பாடு சொன்னான். நன்றாகத் திட்டி அனுப்பினேன்.

ஏப்ரல் 17, தெமோதரை

உயிர்த்த ஞாயிறு வரைக்கும் குவாட்டர்ஸில் இருக்க விட்டார்கள். நேற்றுக் காலி பண்ணினோம். கட்டில், பானை சட்டி, மாதா படம் எல்லாம் ரயிலின் கடைசியில் கார்டு வருகிற பெட்டியில் ஏறிவிட்டன. அக்கா அவளுடைய காம்பராவை நடுவில் சாக்குக் கட்டி மறைத்து வைத்திருக்கிறாள். பகலிலேயே இருட்டு. மதலேனா அடுப்பு எங்கே வைப்பது என்று மட்டும் கேட்டாள்.

புவாத்தின் வண்டியில்தான் வந்தோம். "எஞ்சின்ல வாங்கண்ணே" என்று கூப்பிட்டான். வேண்டாம் என்று மூன்றாம் வகுப்பில் மதலேனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஹாலிஎலைக் கைகாட்டிக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. எதிரே இருந்தவர், "யாருங்க டிரைவரு, புது ஆளா?" என்று அலுத்துக்கொண்டார். எல்லோரும் என்ன ஏது என்று சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்கள். நான் நீட்டவில்லை. அப்படியே மதலேனாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. தெமோதரை வந்ததும் அவள்தான் எழுப்பினாள்.