கன்வேயர் பெல்ட்டில் வெட்டிய வளையம்

என்னங்க,

நீங்கள் போன பிறகும் உங்கள் ஜீப்போடு மல்லுக்கட்டுவது என் தலையெழுத்து. நேற்று உங்கள் மைன்ஸ் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். சாமான்களெல்லாம் காலையிலேயே லாரியில் ஏறிவிட்டன. ராணுவ ஏலத்தில் நீங்கள் ஆசையாக எடுத்துவந்த அந்தக் கிழம் மட்டும் பெட்ரோலை ஒழுகவிட்டுக்கொண்டு வாசலில் நின்றது.

நாங்கள் குடிபோகும் காடாம்புலியூரில் என் தம்பி கறாராகச் சொல்லிவிட்டான். "ஓடுனா ஓட்டிக்கினு வாக்கா, முந்திரித் தோப்புல நிறுத்திக்கலாம். ஓடலன்னா இரும்புக்குப் போட்டுடு." பழைய இரும்புக்காரர் மதியமே சுற்றிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வண்டியோடு வருகிறேன் என்று போனார். நம் மகள் நிர்மலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உங்களோடு சேர்ந்து கையில் கிரீஸ் பூசிக்கொண்டு வளர்ந்தவளல்லவா?

சென்னையிலிருந்து புது ஃபியூயல் பம்ப் வாங்கி வந்திருந்தாள். பேட்டரி வயரைக் கழற்றி, பெட்ரோல் குழாயை அடைத்து, பழைய பம்ப்பை இறக்கினாள். உள்சவ்வு கிழிந்திருந்தது. பெட்ரோல் தேங்கும் அதன் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பில், கசிவை அடைக்க, கறுப்பாக ஒரு ரப்பர் வளையம். மைன்ஸில் நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டின் துண்டு! கதவு, செருப்பு, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் உங்களுக்கு அதே வைத்தியம்தானே. பெட்ரோலில் அது ஊறி உப்பிப்போகும் என்று தெரியாதா? அதை நம்பியா எங்களை வேளாங்கண்ணி வரை கூட்டிப்போனீர்கள்? வந்த கோபத்துக்கு நீங்கள் எதிரில் இல்லாமல் போனீர்கள்.

புதுப் பம்ப் ஏறியது. நான் மணல் வாளியோடு பக்கத்தில் நிற்க, நிர்மலா ஸ்டார்ட் செய்தாள். இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. குனிந்து பார்த்தேன். கிண்ணத்தின் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டது. சூடேறிக்கொண்டிருந்த சைலன்ஸர் குழாய்க்கு விரலளவு தள்ளி விழுந்தது. அடுத்த சொட்டும் திரண்டது.

"நிறுத்துடீ!"

நிறுத்தினாள். சூடு ஆறியதும் கிண்ணத்தைக் கழற்றினால், புதுப் பம்ப்பிலும் அதே பெல்ட் ரப்பர்.

"புதுசுல இருந்த தக்கை வளையம் எங்கடீ?"

பையிலிருந்து எடுத்தாள். "இது அப்பா கையால வெட்டுனதும்மா. வண்டியில இது ஒண்ணாவது இருக்கட்டும்னு..."

திட்டத்தான் வாயெடுத்தேன். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். உங்களை அடக்கம் செய்த அன்றுகூட நாங்கள் இருவரும் அப்படிச் சேர்ந்து அழவில்லை.

சிந்தியதைத் துடைத்து, காயவிட்டு, தக்கை வளையத்தை நானே வைத்தேன். மறுபடி ஸ்டார்ட் செய்தபோது இரும்புக்காரரின் வண்டி தெருமுனையில் திரும்பியது. கிண்ணத்தைச் சுற்றி விரலால் தடவினேன். ஈரமே இல்லை.

"இன்னாம்மா, ஓடுது!" என்றார், ஏமாந்துபோய்.

"ஓடட்டுங்க" என்றேன்.

தோப்புவரை நிர்மலாதான் ஓட்டினாள். வழியெல்லாம் நான் மூக்கை உறிஞ்சி பெட்ரோல் வாடை தேடிக்கொண்டே வந்தேன்.

அந்த ரப்பர் வளையம் என் ஜெபமாலைப் பெட்டியில் இருக்கிறது. நான் இருக்கும்வரை உங்கள் ஜீப்பை யாருக்கும் கொடுக்கமாட்டேன். உங்கள் ரப்பரை மட்டும் இனி அதன் பக்கத்தில் அண்டவிடமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். மகள் ஓட்டுகிற வண்டி அது.

உங்களோடு இன்னும் சண்டை தீராத மனைவி,
ரோசலின்