திறவுகோலும் அதே இறுவட்டில் வந்தது

2004 ஜூன் 14, திங்கள். ஹட்டன்.

அடையாள அட்டைக்கான நடமாடும் சேவை ஜூன் 26, சனிக்கிழமை, கொட்டகலையில் நடக்கும். பிரதேச செயலக அலுவலர் ஒருவர் காலை 10.20க்குத் தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். திகதி மாறாதா என்று, பத்திரிகை நிருபரின் பழக்கத்தில், இரண்டு முறை கேட்டேன். மாறாது என்றார்.

பன்னிரண்டு நாள்.

கொட்டகலை ஆவண உதவி நிலையத்தின் கணினியில் 1,146 பேரின் விபரம் இருக்கிறது. பெயர், பிறந்த ஆண்டு, தாய் தகப்பன் பெயர், குடியிருக்கும் லய வரிசையின் இலக்கம். தேயிலைத் தோட்டத்துப் பழைய பதிவேடுகளைப் பார்த்து எட்டு மாதம் தட்டச்சு செய்தோம். தோட்ட ஆபீஸின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தார். மே மாத மழையில் தோட்ட ஆபீஸ் கூரை ஒழுகி அந்தப் பதிவேடுகள் கூழாகிவிட்டன. நாங்கள் பிரதி எடுத்து வைத்த பிளொப்பிகளில் பாதிக்குப் பூஞ்சணம். இப்போது கணினியில் இருப்பதுதான் மிச்சம். அச்சிட்டுக் கொடுத்தால் பெரிய கிளாக்கர் சான்று கையொப்பம் இடுவார். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அந்தப் பட்டியலை ஏற்பார்களா என்பதையும் அலுவலரிடம் கேட்டேன். ஏற்பார்களாம்.

சிக்கல் ஒன்றுதான். அச்சிடச் சொன்னால் கணினி நாலாவது பக்கத்தில் நின்றுவிடுகிறது.

ஜூன் 15, செவ்வாய்.

கனகாம்பிகை டீச்சர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். கொட்டகலையில் பதினெட்டு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறார். பாடசாலை விட்டதும் நிலையத்தின் லினக்ஸ் கணினியைப் பார்த்துக்கொள்கிறார், சம்பளம் இல்லாமல். அச்சிடும் மென்பொருளில் ஏற்கெனவே அறியப்பட்ட பிழையாம். எங்களிடம் உள்ளது பழைய பதிப்பு. அதற்கு இப்போது ஒரு தன்னார்வலர் குழு திருத்தங்கள் வெளியிடுகிறது. நிலையத்தின் தொலைபேசி இணைப்பில் அவ்வளவையும் இறக்க முடியாது. கொழும்பில் கணினி வேலை செய்யும் ஆரூரனிடம் கேட்டேன். இறுவட்டில் பதிந்து ரயில் பொதியில் போடுகிறேன் என்றார்.

நல்ல மனிதர். ஒருமுறைதான் கேட்டேன்.

ஜூன் 16, புதன்.

பஸ் நிலையத்தில் வீரம்மா பிடித்துக்கொண்டார். கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். பதிவேட்டின்படி பிறந்தது 1944.

“ஐயா, எம்பேரு மெசினுல பத்திரமா இருக்குதுங்களா?”

“இருக்கு. முந்நூத்திப் பதினெட்டு.”

“அது பாட்டுக்கு மறந்துறாதே? எனக்கே பாதி நாளு மறந்துருது.”

சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. மகள் நாகலெட்சுமி வத்தளையில் இருக்கிறாள். கலியாணமாகி ஏழு வருடத்துக்குப் பிறகு முதல் பிள்ளை, ஆகஸ்டில். பக்கத்தில் வேறு ஆளில்லை. 1998இல் மகளைப் பார்க்கப் போன வீரம்மாவை வழியில் பிடித்து, அட்டை இல்லையென்று இரண்டு இரவு பொலிஸில் வைத்திருந்தார்கள். அதன்பின் நாவலப்பிட்டியைத் தாண்டியதில்லை. “அட்ட இருந்தா போயிருவேங்க. இல்லாங்காட்டி அவ ஒத்தயில பெத்துக்கணும்” என்றார்.

ஜூன் 18, வெள்ளி.

இறுவட்டு வந்தது. பதினொரு மென்பொருள் பொதிகள்.

டீச்சர் நிறுவுவதற்கு முன் ஒவ்வொன்றையும் சரிபார்க்கக் கட்டளை கொடுத்தார். மென்பொருளை வெளியிடுகிறவர்கள் ஒவ்வொரு பொதியிலும் கணிதத்தால் ஆன ஒரு கையொப்பம் இடுவார்களாம். அவர்கள் இரகசியத் திறவுகோலால் இடுவார்கள். அதன் சோடியான பொதுத் திறவுகோலை வைத்து நாம் சரிபார்க்கலாம். பொதியில் ஓரெழுத்து மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். பதினொன்றுக்கும் ஒரே பதில் வந்தது: கையொப்பம் உண்டு, திறவுகோல் இல்லை.

“அப்ப பொய்யா டீச்சர்?” என்றேன்.

“பொய் எண்டு சொல்லேல்லை அண்ணை. ஆர் எண்டு தெரியாது எண்டு சொல்லுது.”

இறுவட்டை நானே மறுபடி பார்த்தேன். ஒரு மூலையில் அந்தத் திறவுகோல் கோப்பும் இருந்தது! அதைக் கணினியில் சேர்த்தோம். பதினொன்றும் ‘சரி’ என்று வந்தன. நிலையத்தின் செயலாளர் செல்லசாமி — தோட்டத்தில் சங்கத் தலைவரும் அவர்தான் — கையைத் தட்டினார். டீச்சர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“என்ன டீச்சர், அதான் சரின்னு வந்திருச்சே. போட்டு வுடுங்க” என்றார் செல்லசாமி.

“திறப்பும் அதே சீடியிலதானே வந்தது.” திறவுகோலைத்தான் சொன்னார்.

“வந்தா?”

“கள்ளன் தானே பூட்டையும் திறப்பையும் கொண்டு வந்தாலும் பூட்டுத் திறக்குந்தானே?”

“ஆரூரன் தம்பியவா கள்ளன்னு சொல்றீங்க?”

“ஆரூரனை நான் நம்புறன். ஆரூரன் ஆரை நம்பினவர்?”

நான் பொறுப்பு, போடுங்க என்றேன். “உங்கட பொறுப்பு கணினிக்குத் தெரியாது அண்ணை” என்று கணினியை நிறுத்தி, இறுவட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார். “இவங்க வீட்ல சோத்துக்கும் மார்க்கு போடுவாங்க போல” என்றார் செல்லசாமி, டீச்சர் படியிறங்கத் தொடங்கிய பிறகு.

இரவு, கோபம் ஆறாமல் எழுதுகிறேன். எட்டு நாளுதான் கெடக்கு. ஆயிரத்தி நூத்தி நாப்பத்தாறு பேரு காத்திருக்காங்க. அந்தம்மாவுக்கு இப்பப் போயி சந்தேகம் வருது. நான் சொல்லியும் கேக்கல. முப்பத்தோரு வருசமா நான் சொன்னதத்தானே பத்திரிகையில போடுறாங்க?

ஜூன் 19, சனி.

நேற்று எழுதியதை வாசித்தேன். கடைசி வரியை அடிக்க மனம் வந்தது. அடிக்கவில்லை, நான் எழுதியதுதானே.

1994, உடப்புசல்லாவை வீதி மண்சரிவு. ஏழு பேர் பலி என்று அனுப்பினேன். இரண்டு பேர் தனித்தனியே உறுதிப்படுத்தியிருந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, இரண்டு பேருமே ஒரே பஸ் நடத்துநரிடம் கேட்டவர்கள். பலி இரண்டு. பத்திரிகையில் நான் கொன்ற ஐவரில் ஒருவருடைய மனைவி, அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார்.

பொதியும் திறவுகோலும் ஒரே இடத்திலிருந்து வந்தால், எனக்குக் கிடைத்தது ஒரு சாட்சிதான். டீச்சர் இதைத்தான் சொன்னார். நான் தேடிக் கண்டெடுத்தேன் என்ற சந்தோசத்தில் கேட்கவில்லை.

மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு என்ற சொல்லை எடுப்பதற்குள், “தேத்தண்ணி குடியுங்கோ” என்றார். பரீட்சைத் தாள் ஒன்றின் பின்புறத்தில் அந்தத் திறவுகோலின் கைரேகையை எழுதி வைத்திருந்தார். நாற்பது எழுத்து, நான்கு நான்காக. உலகத்தில் எந்தத் திறவுகோலுக்கும் இன்னொன்றின் கைரேகை இராதாம். “இதை ஆரூரனிட்டை வாசியுங்கோ. அவர் வேறை இடத்திலை பாத்துச் சொல்லட்டும். வேறை இடம். அதை மறந்திடாதேங்கோ.”

ஜூன் 20, ஞாயிறு.

காலை 9.40க்கு, ஹட்டன் தொலைபேசி நிலையத்திலிருந்து ஆரூரனுக்கு. டிசம்பரில் அந்தத் தன்னார்வலர் குழு அனுப்பிய அறிவித்தல் மடல் அவருடைய பழைய மின்னஞ்சல்களில் இருந்தது. அதில் அவர்களுடைய கைரேகை இருக்கிறது. கொழும்புக்குச் செய்தி வாசிக்கும் பழைய முறையிலேயே வாசித்தேன்: ஏ என்றால் அம்பேவெல, டி என்றால் டிக்கோயா, ஈ என்றால் எல்ல.

“ஐந்து, அம்பேவெல, மூன்று, டிக்கோயா.”

மறுமுனையில் விசையைத் தட்டும் சத்தம்.

“தம்பி?”

“நில்லுங்கோ அண்ணை. இஞ்சை அப்பிடித் தொடங்கேல்லை. முழுக்க வாசியுங்கோ.”

முழுக்க வாசித்தேன். ஒரு தொகுதிகூடப் பொருந்தவில்லை. பூத்துக்கு வெளியே நின்றவர் கண்ணாடியைத் தட்டினார். நான் இன்னொரு முறை வாசித்தேன்.

ஜூன் 21, திங்கள்.

ஆரூரன் சொன்னது, அப்படியே: “ஒப்பீஸ் இணைப்பு வேலை செய்யேல்லை அண்ணை. நெட் கபேயிலை தேடினன். முதல்லை வந்த தளத்திலை எல்லாம் இருந்தது, திறப்பும் அதோடயே கிடந்தது. நான் பாக்கேல்லை. பாத்திருக்க வேணும்.”

குறுக்கே பேசாமல் கேட்டேன். அதே தவறை மூன்று நாள் முன்பு நானும் செய்தேன். தடுக்க எனக்கு ஒரு டீச்சர் இருந்தார்.

ஜூன் 22, செவ்வாய்.

மழை. ஒன்றும் இல்லை.

ஜூன் 23, புதன்.

ஆரூரன் ரயில் பொதியில் போடாமல் தானே ரயிலேறி வந்துவிட்டார். ஒரு நாள் லீவு. குழுவின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிய புதிய இறுவட்டு கையில். சட்டைப்பையில் ஒரு தாள்: டிசம்பர் மடலில் இருந்த கைரேகை ஒரு வரியில், பேராதனையில் படிக்கும் நண்பர் சென்ற வருடமே தன் கணினியில் சேர்த்து வைத்திருந்தது அடுத்த வரியில். இரண்டும் ஒன்று. டீச்சர் முதலில் பழைய திறவுகோலைக் கணினியிலிருந்து நீக்கினார். புதியதன் கைரேகையைத் திரையில் வரவைத்து, ஆரூரன் தாளிலிருந்து வாசிக்க, விரலை வைத்து வைத்து ஒப்பிட்டார். செல்லசாமி பக்கத்தில் நின்று எண்ணினார். நாற்பதும் பொருந்தின. பொதிகள் பதினொன்றும் சரி. பழைய இறுவட்டின் பொதிகளை இந்தத் திறவுகோலால் பார்த்தோம். ஒன்றையும் அது அறியவில்லை.

3.15க்கு நிறுவினோம். 3.50க்கு அச்சுப்பொறி நாலாவது பக்கத்தைத் தாண்டியது. ஐந்து. ஆறு. நாற்பத்தாறு பக்கமும் வந்து முடியும்வரை யாரும் உட்காரவில்லை.

“டீச்சர், அன்னிக்கு ஒன்னு சொல்லிட்டேன்” என்றார் செல்லசாமி.

“சோத்துக்கு மார்க் எண்டு சொன்னது தானே? படியிலை நிக்கேக்கையே கேட்டது.”

ஆரூரன் சிரித்ததில் தேநீர் மேசையில் சிந்திவிட்டது. இந்த மூன்று பேரையும் எனக்குத் தெரியும் என்பதே பெரிய விசயம் என்று நினைத்தேன்.

ஜூன் 24, வியாழன்.

பெரிய கிளாக்கர் நாற்பத்தாறு பக்கத்திலும் கையொப்பம். 2.30 முதல் 4.00 மணி வரை. பட்டியல் புதிய பிளொப்பிகளில் இரண்டு பிரதி, வெவ்வேறு வீட்டில்.

ஜூன் 26, சனி. கொட்டகலை.

காலை ஏழுக்கே வரிசை வீதிவரை. பட்டியலை ஏற்றுக்கொண்டார்கள். மாலை ஐந்து மணிவரை 904 விண்ணப்பங்கள் (மண்டபப் பொறுப்பதிகாரி தந்த தொகை, என் எண்ணிக்கை 901). மிச்சப் பேருக்கு ஜூலையில் இன்னொரு நாள் தருகிறார்களாம்.

318ஆம் இலக்கம் 11.05க்கு மேசைக்கு வந்தது. அதிகாரி சிங்களத்தில் வயதைக் கேட்டார். வீரம்மா பட்டியலைக் காட்டி, “அதுல இருக்குங்க, அதையே போடுங்க” என்றார். படத்துக்குச் சிரிக்க வேண்டாம் என்று சொல்லியும் சிரித்துவிட்டார். இரண்டாவது படம் எடுக்க நேர்ந்தது.

ஜூன் 27, ஞாயிறு.

செல்லசாமி வந்தார். “நம்ம லிஸ்ட்ட அழிக்க சதின்னு போடுங்கய்யா. மொதப் பக்கத்துல வரும்.”

வரும்தான். ஆனால் எனக்குத் தெரிந்தது, அந்தப் பொதிகள் அவை சொல்லிக்கொண்ட ஆட்களிடமிருந்து வரவில்லை என்பது மட்டும். யார், எதற்கு, எங்களைத் தெரிந்துதானா — தெரியாது. அந்தத் தளத்தில் யார் வந்தாலும் அதே பொதிதான் கிடைத்திருக்கும். சொன்னேன். “நீங்களும் டீச்சர் கட்சியா?” என்றார். ஆமாம் என்றேன். 904 விண்ணப்பம் என்ற செய்தியை மட்டும் அனுப்பினேன்.

ஜூலை 6, செவ்வாய்.

தன்னார்வலர் குழு ஆரூரனுக்குப் பதில் எழுதியிருக்கிறது. அந்தத் திறவுகோல் தங்களுடையதல்ல, பொதிகளும் தங்களுடையவை அல்ல. மடலை அவர் தொலைபேசியில் இரண்டு முறை வாசித்தார்.

இன்னும் தெரிய வேண்டியவை:

அந்தப் பொதிகளுக்குள் என்ன இருந்தது. குழு பிரித்துப் பார்க்கிறது. ஜூலை 20க்குள் சொல்வார்களாம்.

வீரம்மாவின் அட்டை. ஆகஸ்ட் 10க்கு முன் என்று பிரதேச செயலக அலுவலர் இன்று காலை சொன்னார். டீச்சரிடம் சொன்னபோது, “ஆர் சொன்னது? எழுத்திலை தந்தவரோ?” என்று கேட்டார். எழுத்தில் வாங்க நாளை போகிறேன்.

நாகலெட்சுமியின் பிள்ளை. கிளினிக் அட்டையில் ஆகஸ்ட் 17 என்று இருக்கிறது. வீரம்மா 12ஆம் திகதி காலை ரயிலுக்குப் போவதாக லயமெல்லாம் சொல்லிவிட்டார்.