முழுசாகக் கேட்காத பாட்டு

மச்சான்,

இன்று காலை அக்கா உங்கள் காக்கிச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடியில் வெயிலுக்குப் போட்டாள். நீங்கள் போய் ஆறு மாதமாகியும் அதில் மிஷின் எண்ணெய் வாடை போகவில்லை. பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்துவிட்டு வழக்கம்போல ஆரம்பித்தாள்: "நல்ல மனுசன்தான். என்ன, கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு." அக்காவும் தலையாட்டினாள். நான் கொடிக்கு அந்தப் பக்கம், சட்டைக்குப் பின்னால் நின்றேன். உங்கள் சட்டைக்குப் பின்னால் ஒளிவது எனக்குப் புதிதில்லையே.

அவசரமா? நீங்களா? மோர் ஊற்றிய சோறு ஊறட்டும் என்று இலைக்கு முன்னால் கை கட்டி உட்காருகிற ஆள் நீங்கள். திண்டுக்கல் முழுக்கப் பூட்டுச் செய்துகொண்டிருக்க, நீங்கள் மட்டும் புதிதாகக் கட்டிய சினிமாக் கொட்டகையில் காற்றைக் குளிர வைக்கும் வேலைக்குப் போனீர்கள். ரெட்டியார்சத்திரத்திலிருந்து வண்டி கட்டி வந்தவர்களிடம் படம் எப்படி என்று கேட்டால், "குளுகுளுன்னு இருந்துச்சு" என்றார்கள். கோடை விடுமுறையில் மேல் அறையில் ரிக்கார்டு போட என்னைச் சேர்த்துவிட்டதும் நீங்கள்தான். குளிரூட்டும் மச்சானும் கடுப்பேற்றும் மச்சினனும் என்று நான் பட்டம் வைத்தபோது, அக்காவைவிட நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள்.

கொட்டகைக்குப் பின்னால் தகரக் கூரை அறையில் மூன்று கம்ப்ரசர்கள். ஒன்றைப் போட்டு, அது மூச்சு வாங்கி நிதானப்பட்ட பிறகே அடுத்தது. மூன்றையும் சேர்த்துப் போட்டால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "ஏலே மாப்ளே, எந்திரிக்கத்தான் தெம்பு வேணும். எந்திரிச்சிட்டா நடந்துருவான். மூணு பேரும் ஒண்ணா ஊனி எந்திரிச்சா பெஞ்சு ஒடஞ்சு போகும். பியூஸும் அப்பிடித்தான்" என்றீர்கள். எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்று காட்டும் மீட்டர் செத்து இரண்டு மாதமாகியிருந்தது. முதலாளி மாற்றித் தருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால் நீங்கள் என் ரிக்கார்டை வைத்துக் கணக்குப் பண்ணினீர்கள். படம் தொடங்கும் முன் வெளிக் குழாய் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவோம் அல்லவா? பாட்டுக்கு ஒரு மிஷின். ஒரு காது வாசலில், ஒரு கண் சுவிட்சில். பாட்டு நின்றால் அடுத்த சுவிட்ச்.

நீங்கள் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு தடவை ஓட வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவ்வளவுதான் மச்சான், சத்தியமாக அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு மதியம் கொட்டகை நிறைந்திருந்தது. புது ரிக்கார்டுகள் வந்திருந்தன; எந்தப் பாட்டு எங்கே முடியும் என்று உங்களுக்குத் தெரியாது. முதல் மிஷின் ஓடத் தொடங்கியதும் புதுப் பாட்டைப் போட்டுப் பல்லவியோடு முள்ளைத் தூக்கினேன். இரண்டாவது மிஷின் உறுமியது. அடுத்த ரிக்கார்டை வைத்து நாலே வரியில் தூக்கினேன். சின்னப் பாட்டு என்று நினைத்திருப்பீர்கள். என்னை நம்பினீர்கள். பின்பக்கச் சன்னல் வழியே பார்த்தேன். வாசலிலிருந்து மூன்றாவது சுவிட்சுக்கு உண்மையிலேயே ஓடினீர்கள். நான் சிரித்து முடிப்பதற்குள் பியூஸ் பெட்டி வெடித்தது. கொட்டகை இருண்டது. இரண்டாவது மோட்டாரின் கம்பிச் சுருள் கருகிய நாற்றம் மாடி வரை வந்தது.

முதலாளி உங்களை மேல் அறைக்குக் கூப்பிட்டுக் கத்தினார். நான் ரிக்கார்டைக் கையில் பிடித்தபடி நின்றேன். நீங்கள் என் கையைப் பார்த்தீர்கள், பிறகு அவரைப் பார்த்தீர்கள். "நான்தான் அவசரப்பட்டுட்டேன் மொதலாளி." வாயாடி என்று பேர் வாங்கிய நான் ரிக்கார்டை உறைக்குள் செருகினேன். படியிறங்கும்போது என் பக்கம் குனிந்து, "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு மாப்ளே. முழுசாக் கேக்க முடியல" என்றீர்கள். 

வேலை போயிற்று; உள்ளூரில் வேறு வேலை கிடைக்காமல் தூத்துக்குடி ஐஸ் பேக்டரிக்குப் போனீர்கள். நாலே மாதத்தில் மஞ்சள்காமாலை உங்களைக் கொண்டுபோய்விட்டது. அது திண்டுக்கல்லிலும்தான் வரும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் இங்கே வந்திருந்தால் அக்கா முதல் நாளே கண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்துக் கீழாநெல்லி அரைத்திருப்பாள். அங்கே உங்கள் கண்ணைப் பார்க்க யார் இருந்தார்கள்?

இன்று அத்தை போனதும் அக்காவிடம் சொல்லிவிட்டேன். ரிக்கார்டு, முள், சன்னல், சிரித்தது, எல்லாவற்றையும். அடிப்பாள் என்று நினைத்தேன். சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"அப்ப அவரு அவசரப்படலையா?"

"இல்லக்கா."

எழுந்து அத்தை வீட்டுக்குப் போனாள். "அவரு அவசரப்படல" என்ற அவள் குரல் சுவர் தாண்டிக் கேட்டது. திரும்பி வந்தவள் எனக்குச் சோறு போட்டாள். இனி எப்போது என்னிடம் பேசுவாள் என்று தெரியாது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது, நான் பல்லவியோடு நிறுத்தியது. இப்போதெல்லாம் எந்தப் பாட்டையும் பாதியில் விட்டு என்னால் நகர முடிவதில்லை. ஏற வேண்டிய பஸ் போனது. போகட்டும் என்று நின்று கடைசி வரை கேட்டேன். இரண்டாவது சரணத்தில் புல்லாங்குழல் தனியாக வருகிறது, மச்சான். உங்களுக்குப் பிடித்திருக்கும்.