மடையை அடைத்த ஐந்தாம் வகுப்பு

அன்புள்ள சிஹாயாவுக்கு,

நானும் உன் அப்பாவும் நலம். தெற்கே நாஹாவில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி மியோவும் நலமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் எழுத உட்கார்ந்தேன். இங்கே மலை உச்சியில் பனி விழத் தொடங்கிவிட்டது, உங்கள் ஊரில் இன்னும் அரைக்கைச் சட்டைதான் என்றாய். குளிரோடு அப்பாவின் முழங்கால் வலியும் வந்தாயிற்று. காதுக்கருவியை வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார், ஏன் மாட்டவில்லை என்றால், "கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு" என்கிறார். கோடையில் தொலைபேசியில் நீ என்னைக் கேட்டாயே, "கடைசியில தவளை ஜெயிச்சுதா, நெல்லு ஜெயிச்சுதாம்மா" என்று. அறுவடை முடியட்டும், சொல்கிறேன் என்றேன். அன்று நீ அவசரத்தில் பாதிதான் கேட்டாய், அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

நம் மேல் வயலைப் பள்ளிக்கூடத்தில் என் ஐந்தாம் வகுப்புக்குக் கொடுத்திருக்கிறோம் அல்லவா. தங்கள் மதியச் சாப்பாட்டுக் கிண்ணத்துக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் கொடுத்தோம். அவர்களே நாற்று நட்டார்கள், பாதிப் பேர் சேற்றில் உட்கார்ந்தே நட்டார்கள். மழைக்காலக் கடைசியில் வயலைக் காயப்போடும் நாள் வந்தது. காய்ச்சலும் பாய்ச்சலும் இருந்தால்தான் பயிர் என்று சொல்லி, எப்போதும் இடுப்பிலேயே இருக்கும் குழந்தை நடக்கக் கற்காது, வாயருகே தண்ணீர் இருக்கிற வேர் ஆழம் போகாது என்று வழக்கம்போல் ஓர் உதாரணமும் கொடுத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இபுகி என்ற பெண் மட்டும் வரப்பில் குந்தியபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "இதுங்களுக்கு இன்னும் கால் முளைக்கலையே டீச்சர்" என்றாள். வயல் முழுக்கத் தலைப்பிரட்டைகள், தண்ணீரை வடித்தால் அத்தனையும் சாகும். பிள்ளைகள் வாளியில் அள்ளி வாய்க்காலில் விட்டார்கள், அள்ள அள்ளக் குறையவில்லை.

நம் வயலில் தண்ணீர் நின்றால் கீழ் வயலுக்குக் கசியும். கீழ் வயல் கொமோரியுடையது. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கு அரிசி கொடுப்பவரும் அவர்தான், இந்த வாய்க்காலின் தண்ணீர் முறையை வைத்திருப்பவரும் அவர்தான். ஆகவே வடிப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமா என்று அவரிடமே போய்க் கேளுங்கள் என்று அனுப்பினேன், நானும் பின்னால் போனேன். அவர் களை பிடுங்கிக்கொண்டே, "தவளை எனக்குச் சோறு போடுமா" என்றார். "பூச்சியைத் தின்னுமே தாத்தா" என்றாள் இபுகி. "என் வயல்ல வந்து தின்னா கூலி குடுக்கறேன். உங்க வயல்ல தின்னா எனக்கென்ன. எல்லாரும் வடிக்கிறப்ப நீங்களும் வடிங்க" என்று முடித்துவிட்டார். வடித்தோம். ஆனால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு சில பிள்ளைகள் போய், திறந்திருந்த மடையில் பலகையைத் திரும்பச் செருகிச் சேறு வைத்து மெழுகிவிட்டார்கள். மறுநாள் முதல் விடாத மழை. வயலில் நிற்பது மழைத்தண்ணீர்தான் என்று நாங்கள் எண்ணியிருந்தோம்.

மழை விட்டு வெயில் வந்ததும் கொமோரி தன் வயல் காய்ந்ததா என்று காலை வைத்துப் பார்த்திருக்கிறார். மற்ற இடத்தில் தடம் மட்டும் பதிந்தது, நம் வரப்பின் கீழ் மூலையில் கால் முழங்கால்வரை போய்விட்டது. சேற்றுக் காலணியோடு நம் வீட்டு வாசலிலேயே நின்று, "டீச்சர், உங்க பிள்ளைங்க படிச்ச பாடம் என் வயல்ல நிக்குது" என்றார். அடுத்த வருஷம் அந்த வயலைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதானால் தண்ணீர் முறை கேட்டுத் தன்னிடம் வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் இல்லாத வயலை வைத்துக்கொண்டு எதைக் கற்றுத்தர. அந்தக் கவலையில்தான் அன்று தொலைபேசியில் நானும் உன்னிடம் சரியாகப் பேசவில்லை.

செப்டம்பர் புயலில் நம் வயல் படிய வாரிய தலைமுடிபோல் மொத்தமாகச் சாய்ந்துவிட்டது, வேர் ஆழம் போகவில்லை. கொஞ்சம் கதிர் சேற்றில் கிடந்து அங்கேயே முளைத்தும்விட்டது. கொமோரியின் பயிர் நிமிர்ந்து நின்றது, ஆனால் அந்த மூலையில் மட்டும் அறுவடை இயந்திரம் இறங்க முடியவில்லை, புதைந்தது. பிள்ளைகள் தாங்களாகவே அரிவாளோடு வந்தார்கள். நம் வயலில் இறங்கப்போனவர்களை இபுகி மறித்து, "முதல்ல தாத்தா வயலு, அப்புறம்தான் நம்மளது" என்றாள். அவர் வரப்பில் நின்று, "அரிவாளப் பிடிக்கிற அழகப் பாரு, முடி வெட்டற மாதிரி" என்றாரே தவிர, போகச் சொல்லவில்லை.

தங்கள் வயலின் புது அரிசிச் சோற்றுக்கு அவரையும் வகுப்புக்கு அழைத்தார்கள். அந்தச் சின்ன நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார்கள், அவர் ஒரு வாய் மென்றுவிட்டு, "தவளை வாசம் அடிக்குது" என்றார். பிறகு கிண்ணத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடு, சரியாத் தெரியலை" என்றார். அடுத்த வருஷத் தண்ணீரைப் பற்றி அவர் பேசவே இல்லை.

போன வாரம் அப்பா மேல் வயல் பக்கம் போனபோது கொமோரி நம் வயலுக்குள் மண்வெட்டியோடு நின்றிருக்கிறார். தன் வயல் பக்கம் இல்லாமல், மலையோர வரப்பை ஒட்டி நீளமாக ஒரு பள்ளம். மற்ற இடம் காய்ந்தாலும் அதில் தண்ணீர் நிற்கும். யாருக்குப் பள்ளம் என்று அப்பா கேட்டிருக்கிறார். "கால் முளைக்காதவங்களுக்கு" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து வெட்டினாராம். காதுக்கருவி இல்லாமலே இது நன்றாகக் கேட்டது என்று அப்பா ஒரே பெருமை.

உன் கேள்வியை இபுகியிடமே கேட்டேன். "தோத்தது நாங்கதான் டீச்சர், ஆனா தவளை இருக்கு" என்றாள். அதற்கு மேல் நான் திருத்த ஒன்றுமில்லை.

இத்துடன் பிள்ளைகளின் வயல் அரிசி சிறிது அனுப்பியிருக்கிறேன். சாய்ந்த பயிர் என்பதால் உடைசல் அதிகம், நிறமும் மங்கல்தான், பொறுக்கி எறிந்துவிடாதே. புது அரிசி, தண்ணீர் கொஞ்சம் குறைத்து வை. வேலைக்கு ஓடும் அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விடாதே, மாப்பிள்ளையையும் விடவிடாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து இருக்க வேண்டும். மியோவின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம்.

ஒன்று மட்டும் செய். சோறு ஆக்கும்முன் மியோ கையாலேயே அரிசியைக் கழுவச் சொல், கழுவிய தண்ணீரைக் கொட்டாமல் மாடியில் இருக்கும் செடிக்கு ஊற்றச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
சுமியே