மொத்த விலை பேசும்வரை சுவரில் கை வைக்கக் கூடாது

கான்ட்ராக்டர் நேற்றுச் சொன்னது எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா, தெரியவில்லை. "ஆகற செலவுக்கு மேல பத்து சதவீதம் குடுத்துடுங்க சார்" என்றார் என்று நினைக்கிறேன். நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். "வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு?" என்று நீ கேட்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

செலவு ஏற ஏற அவர் பங்கும் ஏறும். பிறகு நம் சமையலறைக்கு அவர் ஏன் சிக்கனம் பார்க்கப் போகிறார்? முழு வேலைக்கும் ஒரே விலை எழுதிக் கையெழுத்துப் போடாமல் ஒரு செங்கல்லையும் பெயர்க்க விடமாட்டேன். சாயங்காலம் வருவார், உட்காரவை. இன்று நானே பேசுகிறேன்.

சோறு மூடி வைத்திருக்கிறேன். தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை.

பி.கு: பேச்சு நடுவில் நான் மௌனமாகிவிட்டால், மேசைக்கடியில் என் காலை மிதித்துவிடு.